நேவி அண்ணாத்தயின் குரல்

அவருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். அவரைப் பற்றி வேறு எதை எடுத்தாலும் நடுவில் அந்தக் குரல் வந்து உட்கார்ந்துகொள்ளும். கோவளம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் என் நாஸ்தா கடை. கடைசி பெஞ்சிலிருந்து அவர் "யக்கா, சட்னி!" என்றால் கடற்கரையில் வலை உதறிக்கொண்டிருப்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். சட்னி கேட்கிற அதே குரலில் மழையைப் பற்றியும் பேசுவார், மந்திரியைப் பற்றியும் பேசுவார், மனுஷனுக்கு மறைவான இடத்தில் வருகிற நோயைப் பற்றியும் பேசுவார்.

பெயரை எழுதப்போவதில்லை. ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. நேவி அண்ணாத்த, அவ்வளவுதான். கடற்படைக் கப்பல்களில் வைத்தியம் பார்க்கிற பிரிவில் வேலை செய்துவிட்டு, பென்ஷனோடு வந்து, தர்காவுக்குப் போகிற தெருவில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்தவர். பெண்டாட்டி முன்பே போய்விட்டாள். மகள் விசாகப்பட்டினத்தில் இருந்தாள். சட்டை எப்போதும் மடிப்புக் கலையாமல் இருக்கும். காலை ஆறரைக்கு நாலு இட்லி, ஒரு வடை. என் சாம்பாரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. மெட்ராஸிலிருந்து கார் போட்டுக்கொண்டு வந்து அந்தச் சாம்பாரைத் தூக்கில் வாங்கிப் போகிறவர்கள் உண்டு. அது வேறு விஷயம்.

முதல் நாள் அவர் வந்தது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. பக்கத்தில் மீன்பிடி போட்டுக்குப் போகிற பையன்கள் இரண்டு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமை சாயந்திரம் எங்கேயோ போகப்போவதாகக் கண்ணைச் சிமிட்டிப் பேசிக்கொண்டார்கள். இவர் திரும்பி, "இன்னா தம்பி, போறது சரி. பாக்கெட்டுல ஆணுறை கீதா?" என்றார்.

ஒருவனுக்குப் புரையேறிவிட்டது. மூலையில் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தவர் தட்டைத் தூக்கிக்கொண்டு, பெண்டாட்டியையும் தள்ளிக்கொண்டு வெளியே போய் நின்றார்.

"யோவ், இது சோறு துன்ற எடம்!" என்று நான் கரண்டியோடு வந்தேன்.

"அதுக்குத்தான் யக்கா இங்க சொல்றேன். எல்லாரும் சோறு துன்ன வந்துதான ஆவணும்?"

"சொல்றத மெதுவா சொல்லக் கூடாதா?"

"மெதுவா சொன்னா அது கெட்ட விஷயம்னு நெனச்சுக்குவான். நான் இன்னா கெட்ட விஷயமா சொன்னேன்? கொடை கீதான்னு கேட்டாப்புல கேட்டேன்."

அன்றைக்கே இவரைக் கடைக்குள் விடக் கூடாது என்று நினைத்தேன். மறுநாள் ஆறரைக்கு அதே பெஞ்சில் இருந்தார். புரையேறிய பையனும் இருந்தான். அவரைத் தேடித்தான் வந்திருந்தான்.

கப்பலில் அவர் செய்த வேலையை அவர் சொல்லிக் கேட்க வேண்டும். கை இரண்டும் பேசும். இருபது நாள், முப்பது நாள் தண்ணீரையே பார்த்துவிட்டு ஒரு துறைமுகத்தில் கப்பல் நிற்கும். கரைக்குப் போக அனுமதி கிடைத்தவர்கள் வெள்ளை உடுப்பைப் போட்டுக்கொண்டு, வாசனை பூசிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். ஓர் அதிகாரி முடிவெட்டைப் பார்ப்பார், பூட்ஸ் பளபளப்பைப் பார்ப்பார், அட்டையைப் பார்ப்பார். அதைத் தாண்டி, இறங்குகிற ஏணியின் தலைமாட்டில், கையில் பிஸ்கட் டின்னோடு இவர் நிற்பார். ஒவ்வொருவன் பாக்கெட்டிலும் தன் கையாலேயே ஓர் உறையைச் செருகுவார். வேண்டுமா என்று கேட்க மாட்டார்.

"நான் கோயிலுக்குப் போறேன்னுவான் ஒருத்தன். எடுத்துனு போடா, சாமி ஒண்ணும் கோச்சுக்காதுன்னுவேன். எனுக்குப் போன மாசந்தான் கண்ணாலம் ஆச்சுன்னுவான் இன்னொருத்தன். அப்ப அவளுக்காக எடுத்துனு போன்னுவேன். மாலை போட்டவனுக்கும் ஒண்ணு, செலுவ போட்டவனுக்கும் ஒண்ணு."

"வேணுன்றவன் எடுத்துக்கட்டும்னு டப்பாவ வெச்சுட்டுப் போறதுதான?" என்றேன்.

"அப்ப எவனும் எடுக்க மாட்டான் யக்கா. எடுக்கறவன மத்தவன் பாப்பான். எல்லார் பாக்கெட்டுலயும் கீதுன்னா, எவன் பாக்கெட்டுல கீதுன்னு எவனும் பாக்க மாட்டான்."

இந்த மாதிரி யோசனைகள் அவருக்கு நிறைய. ஒரு நாள் பஜ்ஜிக்கு வைத்திருந்த வாழைக்காய் ஒன்றை என் கூடையிலிருந்து எடுத்து, பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆறேழு பேருக்கு உறையை எப்படிப் போடுவது, நுனியில் காற்றை எப்படி எடுப்பது என்று பாடமே நடத்திவிட்டார். பஸ் நிறுத்தத்தில் மீன்கூடையோடு நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஆனால் ஒருத்தியும் கண்ணை எடுக்கவில்லை.

"அந்த வாழக்காய இனிமே எவன் துன்னுவான்?" என்று கத்தினேன்.

"நான் துன்றேன், சீவிப் போடு" என்றார். போட்டேன். சாப்பிட்டார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். கடற்படைக்கோ, சரக்குக் கப்பலுக்கோ, துபாய்க்கோ ஒரு பையன் புறப்பட்டால் பஸ் நிறுத்தத்துக்கே தெரு முழுதும் வந்துவிடும். கோயில் விபூதியைப் பொட்டலம் கட்டி ஒருவர் கொடுப்பார். தர்காவிலிருந்து ஒரு தாயத்து வரும். மாதா கோயில் அக்கா ஒரு சின்ன சிலுவையைக் கொடுப்பாள். யார் எந்தச் சாமி என்று அன்றைக்கு யாரும் பார்ப்பதில்லை, கடலுக்குப் போகிறவனுக்கு எல்லாச் சாமியும் வேண்டும். எல்லோரும் கொடுத்து முடித்ததும் நேவி அண்ணாத்த முன்னால் வந்து, எல்லோர் எதிரிலும், பையனுடைய சட்டைப் பாக்கெட்டில் தன் உறைப் பொட்டலத்தைச் செருகுவார்.

என் மகன் சேகர் கடற்படைக்குத் தேர்வானபோதும் அப்படித்தான் நடந்தது. சமையல் பிரிவு. என் கையைப் பார்த்து வளர்ந்தவன், கப்பலில் முந்நூறு பேருக்கு ஆக்கிப் போடப்போகிறான் என்று எனக்கு ஒரே கர்வம். தெருவே நிற்கும்போது இவர் அதைச் செருகினதும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. பிடுங்கித் தரையில் எறிந்தேன். அவர் குனிந்து எடுத்தார், ஊதித் துடைத்தார், மறுபடி பாக்கெட்டில் வைத்தார்.

"எம் புள்ள அந்த மாதிரி இல்ல!"

"எந்த மாதிரியும் இருக்கட்டும் யக்கா. உயிரோட இருக்கட்டும்."

பஸ் புறப்பட்டுவிட்டது. ஜன்னலில் சேகர் சிரித்துக்கொண்டு கையை ஆட்டினான்.

ஏன் இப்படிக் கத்துகிறார் என்று நான் ஒரே ஒரு தடவைதான் காரணம் கேட்டேன். ஐப்பசி மழை, கடையில் ஆள் இல்லை. அப்போது சொன்னார். கப்பலில் வைத்திய அறைக்கு ஒரு பையன் வந்தானாம். கல்யாணத்துக்கு லீவு கிடைத்திருந்த பையன். பின்னால் நாலைந்து பேர் வரிசையில் நின்றார்கள். இவருக்கு அவன் முகத்தைப் பார்த்ததும் சந்தேகம். மற்றவர்கள் காதில் விழ வேண்டாமே என்று குனிந்து, குரலைத் தாழ்த்தி, "அந்த மாதிரி ஏதாவதா?" என்று கேட்டார். பையன் சட்டென்று நிமிர்ந்து, "தலைவலி சார்" என்றான். இவர் மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்.

"நான் மெதுவா கேட்டேன் பாரு, அதுலதான் அவனுக்கு வெக்கம் வந்துச்சு. சத்தமா கேட்டிருந்தா, பின்னால நிக்கிறவனையும் அதே மாதிரி கேட்டிருந்தா, அவன் சொல்லியிருப்பான். ரெண்டு வருசம் கழிச்சு பாத்தா அவனுக்கும் எய்ட்ஸு இருந்துச்சு, அவன் கட்டுன பொண்ணுக்கும் இருந்துச்சு."

அந்தப் பையன் பெயரையோ, கப்பலையோ, ஊரையோ அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சேகர் கடற்படையில் ஏழு வருஷம் ஓட்டிவிட்டு, இரண்டு மாத லீவில் வந்தபோது பெண் பார்த்தோம். திருக்கழுக்குன்றத்துப் பெண், வனிதா. ஃபோன் பாகங்கள் செய்கிற கம்பெனியில் வேலை. பேச்சில் கூர், பார்வையில் கூர். எனக்குப் பிடித்துவிட்டது. நிச்சயதார்த்தத்துக்கு வேன் வைத்துப் போனோம். நேவி அண்ணாத்தயும் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டார், இறக்கிவிட முடியவில்லை.

பெண் வீட்டில் ஜமுக்காளம் விரித்து, பழம், வெற்றிலை, பூ, புடவை, ஜாதகம் எல்லாம் தட்டுகளில் இருந்தன. வனிதாவுக்கு அப்பா இல்லை. தாய்மாமன்தான் எல்லாம். தட்டை நான் கையில் எடுத்தேன், மாமனும் எடுத்தார். அப்போது பின்னாலிருந்து அந்தக் குரல்.

"தட்டுல எல்லாம் கீது. ரெண்டு பேரோட ரத்தப் பேப்பர் எங்க?"

மாமன் தட்டோடு நின்றார். "இன்னா பேப்பரு?"

"எய்ட்ஸு, அப்பறம் மத்த பால்வினை நோயி. பையன் கப்பல்ல ஊரூரா போறவன். கட்டிக்கறதுக்கு முன்ன ரெண்டு பேரும் பாத்துட்டா நிம்மதி. கட்டாயம் இல்ல, இஷ்டம் இருந்தா பாக்கட்டும்."

"யாருய்யா இந்த ஆளு? எங்க வூட்டுல வந்து எங்க பொண்ணப் பாத்து..." மாமன் தட்டை வைத்துவிட்டு இவர் சட்டையைப் பிடித்துவிட்டார். மடிப்புக் கலைந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"அண்ணாத்த, வாய மூடு!" என்று நானும் கத்தினேன். "எம் புள்ள தங்கம்!"

"தங்கத்தயும் ஒரசிப் பாத்துதான யக்கா வாங்குன?"

எனக்கு அவரை அடிக்கக் கை வந்தது. அதற்குள் உள்ளேயிருந்து வனிதா வந்துவிட்டாள். தலை நிறையப் பூ, பட்டுப் புடவை.

"மாமா, சட்டைய வுடுங்க. ஜாதகத்த நீங்கல்லாம் என்னைக் கேட்டா பாத்தீங்க? இத நான் கேக்கறேன். நானும் பாக்கறேன், அவரும் பாக்கட்டும்." சேகரைப் பார்த்துத் திரும்பினாள். "இன்னா, வரீங்களா?"

சேகருக்கு நெற்றியில் வேர்த்திருந்தது. ஃபேன் அவன் தலைக்கு மேல்தான் சுற்றியது. "வரேன்" என்றான்.

தட்டு மாற்றினோம். ஆவணியில் முகூர்த்தம் என்று பேசினோம். மாமன் சாப்பாட்டில் உட்காரவில்லை. திரும்பி வரும்போது வேனில் நான் நேவி அண்ணாத்தயைத் திட்டின திட்டில் டிரைவர் பாட்டை நிறுத்திவிட்டான். அவர் ஜன்னல் வழியாக உப்பளங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

திங்கட்கிழமை சேகர், வனிதா, அண்ணாத்த மூன்று பேரும் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே நம்பிக்கை மையம் என்று ஒரு அறை இருக்கிறது, உட்கார வைத்துப் பேசி, சம்மதம் கேட்டுத்தான் ரத்தம் எடுப்பார்கள் என்று இவர் எப்போதும் சொல்லுவார். புதன்கிழமை மறுபடி போனார்கள். சாயந்திரம் சேகர் கடைக்கு வந்தான். தட்டில் தோசை போட்டேன். நின்றுகொண்டே சாப்பிட்டான்.

"உக்காரேன்டா."

"வேணாம்மா. நின்னுனே துன்றேன்."

"இன்னா சொன்னாங்க?"

"ஒண்ணுமில்லம்மா." இரண்டாவது தோசையைத் தொடவில்லை. "கண்ணாலத்த தைக்குத் தள்ளணும்."

"ஏன்டா?"

"தள்ளணும்மா" என்றான். தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அடுப்பைத் தணித்துவிட்டு நேராக அண்ணாத்த வீட்டுக்குப் போனேன். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"எம் புள்ளைக்கு இன்னா?"

"சொல்ல மாட்டேன்!" அதே குரல். எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது.

"மெதுவா பேசுய்யா, தெருவே கேக்குது."

"மெதுவாவும் சொல்ல மாட்டேன்."

"நான் பெத்தவ."

"பெத்தது நீ. ரத்தம் அவன்து. அவன் வாயால சொல்லணும். மொதல்ல சொல்ல வேண்டியதும் உனுக்கில்ல."

"ஊருக்கே கத்துறவன் எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா இன்னா கொறஞ்சுடும்?"

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "நோயப் பத்தி கத்துவேன் யக்கா. ஆளப் பத்தி எங்கனா கத்தியிருக்கேனா? யோசிச்சு சொல்லு."

யோசித்தேன். இத்தனை வருஷம் என் கடையில் அவர் சொன்ன கதைகளில் ஒரு பெயர் கிடையாது. புரையேறிய பையன் அவரைத் தேடி வந்தானே, எதற்கென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்றைக்கு எனக்கு அதெல்லாம் பெருமையாகத் தெரியவில்லை. கல்லு மாதிரி நிற்கிறானே என்று அழுதுகொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு நான் செய்ததைச் சொல்ல எனக்கே கூசுகிறது. சொல்லித்தான் ஆக வேண்டும். அவனுக்கு எய்ட்ஸ்தான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். கடையில் அவனுக்கென்று ஒரு டம்ளரைத் தனியாக எடுத்து, அடியில் ஒரு சிவப்பு நூலைக் கட்டி வைத்தேன். வெந்நீரில் தனியாகக் கழுவினேன். நான் பெற்ற பிள்ளைக்கு. மூன்று நாள் அவன் அதில்தான் டீ குடித்தான், நூலைப் பார்த்துக்கொண்டே குடித்தான்.

நாலாம் நாள் காலை, கடை நிறைய ஆள். நேவி அண்ணாத்த வந்தார். மேடை மேல் தனியாக இருந்த அந்த டம்ளரைப் பார்த்தார், நூலைப் பார்த்தார். சேகர் குடித்துவிட்டு வைத்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அதை எடுத்து, கழுவாமல், டீ கேனைத் தானே சாய்த்து ஊற்றிக்கொண்டார். பெஞ்சில் போய் உட்கார்ந்து, ஒவ்வொரு வாயாகக் குடித்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. குடித்து முடித்து, நூலை அவிழ்த்துத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, டம்ளரை மற்ற டம்ளர்களோடு சேர்த்து வைத்துவிட்டுப் போய்விட்டார். கடையில் இருந்த யாருக்கும் எதுவும் விளங்கவில்லை. எனக்கும் சேகருக்கும் விளங்கியது.

அன்று மத்தியானம் சேகர் என் பக்கத்தில் வந்து, வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னான்.

"எய்ட்ஸு இல்லம்மா. இருந்தாக்கூட டம்ளர்ல வராது."

"அப்ப வேற இன்னாடா?"

"சிபிலிஸ்னு ஒண்ணு. பெரியவங்க மேகப்புண்ணுன்னு சொல்லுவாங்களே, அது. ஊசி போட்டாப் போயிடும். இடுப்புல ரெண்டு பக்கமும் போட்டுட்டாங்க, அதான் உக்கார முடியல. ஆனா எய்ட்ஸுக்கு மூணு மாசம் கழிச்சு இன்னொரு தபா பாக்கணும். இப்ப இல்லன்னாலும் அப்பதான் முழுசா நிச்சயம்."

"எப்படிடா?"

தலையைக் குனிந்துகொண்டான். லீவுக்கு முந்தின மாதம், ஒரு துறைமுகத்தில், ஒரே ஒரு நாள். "உறை போட்டேன்மா. கிழிஞ்சு போச்சு."

பிறகு பர்ஸை எடுத்துக் காட்டினான். ஏழு வருஷத்துக்கு முன்னால் பஸ் நிறுத்தத்தில் கொடுத்த விபூதிப் பொட்டலம், தாயத்து, சிலுவை எல்லாம் ஒரே அறையில் இருந்தன. அவற்றோடுதான் அதுவும் இருந்திருக்கிறது. நான் தரையில் எறிந்தது, அவர் துடைத்து வைத்தது. கப்பல் சமையலறையில், அடுப்பின் வெக்கையில், நாள் முழுக்கப் பின் பாக்கெட்டில் ஏழு வருஷம். "சாமி பொருளோட இருந்துச்சும்மா. அதுவும் காப்பாத்தும்னு நெனச்சேன். கப்பல்ல டப்பா வெச்சிருப்பாங்க, எங்கிட்ட கீதுன்னு சொல்லிட்டு எடுக்காமலே போயிடுவேன்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. முதலில் வந்த வார்த்தை இதுதான்: "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லித் தொலச்சிடாதடா. ஊசி போட்டாச்சுல்ல? தையில கண்ணாலம் ஆனா எல்லாம் மறஞ்சுடும்."

அவன் வெங்காயத்தை உரித்துக்கொண்டே இருந்தான்.

நேவி அண்ணாத்தயிடம் சண்டைக்குப் போனேன். நீ கொடுத்ததுதானய்யா என்று ஆரம்பித்தேன். அவர் திருப்பிக் கத்துவார், ஒரு பிடி பிடிக்கலாம் என்று போனவளுக்கு அவர் இடமே கொடுக்கவில்லை. "எடுத்துனு போன்னு சொன்னேன். எத்தினி நாள் வெச்சுக்கலாம்னு சொல்லல யக்கா. எம்மேலதான் தப்பு" என்றார். அவ்வளவு பெரிய ஆள் பெஞ்சின் விளிம்பில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். அடுத்த வாரம் நெம்மேலிப் பையன் ஒருவன் கடற்படைக்குப் புறப்பட்டான். பஸ் நிறுத்தத்தில் இவர் பொட்டலத்தைச் செருகிவிட்டு, பஸ் நகர்ந்த பிறகும் கூடவே ஓடினார். அறுபது வயசுக்காரர், இஸ்திரிச் சட்டை, வேர்க்க வேர்க்க.

"தேதியப் பாரு! பர்ஸுல வெக்காத! அடுப்பாண்ட வெக்காத, இஞ்சின் ரூமுல வெக்காத! சாமி படத்தோட வெக்காத! தாயத்து இல்லடா அது, தாயத்து இல்ல! புச்சா வாங்கு!"

கண்டக்டர் விசில் அடிக்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தான். நான் கடை வாசலில் நின்று, "இன்னும் சத்தமா சொல்லு, அவனுக்குக் கேக்கல!" என்று கத்தினேன். அது எனக்கே ஆச்சரியம்.

சேகர் கப்பலுக்குத் திரும்பிவிட்டான். அந்த மூன்று மாதம் எனக்கு மூன்று வருஷம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் திருக்கழுக்குன்றத்து மாமன் போன் செய்வார். "இன்னாம்மா, ஆவணின்னு பேசிட்டு இப்ப தைன்ற. உம் புள்ளைக்கு வேற எடம் எதுனா அமைஞ்சுதா? எங்க பொண்ணு இன்னா வழியில கெடந்தவளா?" நான் ஒவ்வொரு பொய்யாகச் சொல்லி வைப்பேன். லீவு கிடைக்கவில்லை, எனக்கு முட்டி வலி, வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும். என் வாழ்நாளில் யாரிடமும் தலை குனியாதவள் நான். அந்தப் போனுக்குக் குனிந்தேன். இரண்டு பயம் எனக்கு. சேகர் இரண்டாம் தடவை பார்க்கிற ரத்தத்தில் என்ன வரும் என்பது ஒன்று. நல்லதே வந்தாலும், மறைத்தது வனிதாவுக்குத் தெரிந்தால் எல்லாம் போய்விடுமே என்பது இன்னொன்று.

நேவி அண்ணாத்த தினமும் ஆறரைக்கு வந்தார். சேகரைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நாலு இட்லி, ஒரு வடை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, வியாபாரம் மும்முரமாக இருந்த நேரம். மாமல்லபுரம் பஸ்ஸிலிருந்து வனிதா இறங்கி வந்தாள். ராத்திரி ஷிப்ட் முடித்த முகம், கழுத்தில் கம்பெனி அட்டை. நேராக உள்ளே வந்து நேவி அண்ணாத்தக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"நாலு இட்லி குடுங்க அத்தே. பசி உயிர் போவுது."

வைத்தேன். சாம்பார் விளிம்பில் கொட்டியது. ஒரு இட்லியை முழுதாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் சொன்னாள்.

"ரிசல்ட் வந்துடுச்சு. காலையில போன் பண்ணாரு. எய்ட்ஸு இல்ல. இன்னொன்னும் நல்லா எறங்கிடுச்சாம், ஊசி வேலை செஞ்சுடுச்சுன்னு டாக்டர் சொன்னாராம்."

நான் கரண்டியோடு அப்படியே நின்றேன். கல்லில் தோசை கருகியது. யாரோ சொன்னார்கள், காதில் விழவில்லை.

"உனுக்கு... உனுக்கு எப்படித் தெரியும்? எப்ப சொன்னான்?"

"அன்னைக்கே. செங்கல்பட்டுலருந்து வர பஸ்ஸுலயே. ஒரு வார்த்த வுடாம சொன்னாரு. நான் ரெண்டு ஸ்டாப் அழுதேன், அப்பறம் ரெண்டு ஸ்டாப் திட்டுனேன். இவரு" என்று நேவி அண்ணாத்தயைக் காட்டினாள், "முன்னால போய் டிரைவராண்ட உக்காந்துகினாரு. திரும்பிக்கூடப் பாக்கல."

"மூணு மாசமா தெரிஞ்சா இருந்த? உங்க மாமன் அத்தன பேச்சு பேசினாரே!"

"என்னையும்தான் பேசினாரு. பேசட்டும். எனக்கு யோசிக்க டைம் வேணும்னு இருந்துச்சு. யோசிச்சேன். நேத்து வரைக்கும் யோசிச்சேன். வாய்க்கு வந்தபடி பொய் சொல்ற ஆளு கெடச்சிருந்தா யோசிக்கவே விட்டிருக்க மாட்டான் இல்ல?"

அவளிடம் மறைக்கச் சொன்ன எனக்குத்தான் அது குத்தியது என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது. ஆனாலும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"பெத்தவகிட்ட நாலு நாள் கழிச்சு சொன்னான். இன்னைக்கும் உனுக்குத்தான் மொதல்ல போனா?"

"கட்டிக்கப் போறது நானாச்சே அத்தே" என்றாள் வனிதா, வாய் நிறைய இட்லியோடு.

நேவி அண்ணாத்த தட்டைப் பார்த்தபடி வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். மீசை மட்டும் துடித்தது. சிரிப்பை அடக்குகிறார் என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, "யக்கா, சாம்பார்ல இன்னைக்கு உப்பு சரியா கீது" என்றார். அவர் வாயால் என் சாம்பாருக்குக் கிடைத்த ஒரே பட்டயம் அது.

இதையெல்லாம் சேகரையும் வனிதாவையும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அண்ணாத்த இப்போது மகள் வீட்டோடு விசாகப்பட்டினத்தில் இருக்கிறார். அங்கே எந்தப் பஸ்ஸுக்குப் பின்னால் ஓடுகிறாரோ.

அந்த வெள்ளிக்கிழமை நான் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, கரண்டியை அவர் கையில் கொடுத்தேன். "அண்ணாத்த, கல்லப் பாத்துக்க. நான் இவங்க மாமன்கிட்ட முகூர்த்தம் பேசிட்டு வரேன்."

"எனுக்கு தோசை சுட வராது யக்கா!"

"ஊத்து, வரும்."

அடுத்த பஸ்ஸில் நானும் வனிதாவும் ஏறினோம். ஜன்னலோரம் உட்கார்ந்ததும் அவள் கேட்டாள்: "ஏன் தள்ளி வெச்சீங்கன்னு மாமா கேப்பாரு. இந்த வாட்டி இன்னா பொய் அத்தே சொல்லப் போறீங்க?"

"பொய்யெல்லாம் தீந்துடுச்சுடி."

"அப்ப?"

"எனுக்குத் தெரியாது, கட்டிக்கப் போறவங்க ரெண்டு பேரையும் கேளுன்னு சொல்லுவேன்."

வனிதா சிரித்த சிரிப்பில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும் என்று நானும் சிரித்தேன்.